மடங்காத கேம்ப் கத்தி: சோதிப்பதும் கைக்கேற்ப மாற்றுவதும் – முழுமையான வழிகாட்டி

புதுக் கத்தி கைக்கு வந்ததும் பலர் முதலில் ஒரு விறகுக் கட்டையைத் தேடுகிறார்கள். அதன் நடுவில் கத்தியை வைத்து அடித்துப் பிளந்து, படம் எடுத்துவிட்டு, 'நல்ல கத்தி' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தடித்த இரும்பு விறகைப் பிளக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே? அன்றாடம் எடுக்கும் கத்திக்குக் கேட்க வேண்டியது வேறு. அட்டைப்பெட்டியை இழுத்த இழுப்பில் அறுக்கிறதா, காய் நறுக்கினால் நறுக்குகிறதா பிளக்கிறதா, கால் மணி நேரம் குச்சி சீவினால் உள்ளங்கை எரிகிறதா, ஈரத்தில் ஒரு ராத்திரி கிடந்தால் என்ன ஆகிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் வரை அரத்தையோ உப்புத்தாளையோ எடுக்க வேண்டாம். சோதனையில் தென்பட்ட குறைக்கு மட்டும் கை வைத்தால் போதும். ஒன்றும் தென்படவில்லையா, அப்படியே பயன்படுத்துங்கள். ஒரு கோடு போட்டுவிட்டால்கூட திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

ஜன்னல் பக்கமோ விளக்கின் கீழோ நின்று, வாய் (வெட்டும் விளிம்பு) மேலே பார்க்கும்படி கத்தியைப் பிடித்து, பிடியிலிருந்து நுனி வரை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இந்தக் கோணத்தில் உடனே தெரியும். இது வீட்டில் சரி செய்யும் குறை அல்ல. சூடுபதம் செய்தபோது (எஃகைச் சூடாக்கி ஆறவைத்துக் கடினமாக்கும்போது) வளைந்த அலகைத் தட்டி நிமிர்த்தப் போனால் உடையலாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் சரி.

அப்புறம் அதே வெளிச்சத்தில் வாயை மட்டும் பாருங்கள். நல்ல கூர் உள்ள இடத்தில் வெளிச்சம் மின்னாது. வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ மின்னும் இடம் மழுங்கியிருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. இரு பக்கக் கூர்ச் சாய்வும் (வாயை ஒட்டிக் கூர் தீட்டிய குறுகிய பட்டை) ஒரே அகலத்தில் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். தொழிற்சாலையில் இருந்து வரும் கத்திகளில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பது சகஜம். இரண்டு மூன்று முறை சாணை பிடித்தால் சரியாகிவிடும், கவலைப்பட வேண்டியதில்லை.

பிடி சேரும் இடத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் தண்ணீரும் போகும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை அதே அகலத்தில் ஓடுகிறதா (ஃபுல் டாங் என்பது இதைத்தான்), இல்லை குறுகி உள்ளே மறைந்துவிடுகிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபுல் டாங் இல்லாத கத்தி மட்டம் என்று சொல்ல வரவில்லை. மோரா நிறுவனத்தின் கம்பேனியன் போன்ற கத்திகளில் இரும்பு பிடிக்குள் பாதியில் நிற்கிறது, ஆனாலும் நன்றாகத்தான் உழைக்கின்றன. அதை விறகு மேல் வைத்து அடிப்பதில் கொஞ்சம் அடக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

எஃகின் பெயரைவிட வாயின் தடிமன்

கத்தி வாங்குபவர்கள் அதிகம் சண்டை போடுவது எஃகு பற்றித்தான். தெரிந்துகொள்ள வேண்டியது சுருக்கமாக இது. 1095 என்பது கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கார்பன் உள்ள எளிய கார்பன் எஃகு. எளிதாகக் கூராகும், அடி தாங்கும், கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். 14சி28என் என்பது சுமார் 14 சதவீதம் குரோமியம் உள்ள துருப்பிடிக்காத எஃகு. டி2 இரண்டுக்கும் நடுவில். அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு, அதனால் அதுவும் கறை பிடிக்கும். கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், ஆனால் சாணை பிடிக்கும்போது கையை ஒடிக்கும். கேம்ப் கத்திகளின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 61 வரை இருக்கும். எண் ஏற ஏறக் கூர் நிற்கும், ஆனால் சில்லு பெயரும் வாய்ப்பும் ஏறும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், கத்தி எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிப்பது வாய்க்குச் சற்று மேலே உள்ள தடிமன்தான். வெர்னியர் காலிப்பர் இருந்தால், கூர்ச் சாய்வு தொடங்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் மேலே அளந்து பாருங்கள். 0.4 முதல் 0.6 மி.மீ. வரை இருந்தால் அன்றாட வேலைக்கும் கேம்ப் வேலைக்கும் பொதுவாக நல்லது. 0.8 மி.மீ.யைத் தாண்டினால் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் பொருளுக்குள் சிக்கிக்கொண்டு நகரும். பெக்கர் பிகே2 கத்தியின் முதுகு 6.35 மி.மீ. தடிமன். மோரா கம்பேனியனுக்குச் சுமார் 2.5 மி.மீ. பிகே2-வால் கதவைக்கூட நெம்பலாம், ஆனால் ஒரு கேரட்டை ஒழுங்காக நறுக்குவதற்குள் பொறுமை போய்விடும். என்னைக் கேட்டால், அன்றாடக் கைக்கு 4 மி.மீ.க்கு மேல் முதுகுத் தடிமன் தேவையே இல்லை. அலகு நீளம் 10 செ.மீ. சுற்றி இருந்தால் போதும்.

சாய்வின் வகையையும் பார்த்து வையுங்கள். முதுகிலிருந்து வாய் வரை நேராக மெலிந்து வந்தால் ஃபுல் ஃப்ளாட். அலகின் பாதிக்குக் கீழே ஒரே அகலச் சாய்வாக இறங்கி, தனியாகக் கூர்ச் சாய்வு இல்லாமல் முடிந்தால் ஸ்காண்டி. வெளிப்பக்கம் லேசாக உப்பியிருந்தால் கான்வெக்ஸ். மூன்றுக்கும் சாணை பிடிக்கும் விதம் வேறு.

வெட்டிப் பார்த்தல்

நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஒரு வரி எழுதினால் போதும். கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தித்தாள். நுனி முதல் பிடி ஓரம் வரை அலகு முழுவதையும் பயன்படுத்தி மெல்ல அறுங்கள். எங்கே சிக்கிக் கிழிகிறதோ அந்த இடத்தை மார்க்கரால் அலகில் குறியுங்கள். பெரும்பாலும் அது பிடியை ஒட்டிய கடைசி ஒரு சென்டிமீட்டராகவோ நுனி வளைவாகவோ இருக்கும். இயந்திரப் பட்டையில் (சுழலும் உப்புத்தாள் பட்டை) கூர் வைக்கும்போது தவறிப்போகும் இடங்கள் இவைதான்.

அடுத்து கேரட். நீளவாக்கில் இல்லை, குறுக்கே. கத்தி பாதி வரை போய்விட்டு 'டக்' என்று மீதி உடைந்தால் அலகு தடிமனாக இருக்கிறது. கடைசி வரை சத்தமில்லாமல் இறங்கினால் வாய் மெலிந்திருக்கிறது. கூரைப் பற்றிச் செய்தித்தாள் சொல்லும், தடிமனைப் பற்றிக் கேரட் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தடிமனான கத்தியைத் திரும்பத் திரும்பச் சாணை பிடிப்பவர்கள் நிறைய.

அட்டைப்பெட்டியும் சணல் கயிறும் கூரின் ஆயுளைச் சோதிக்க. அட்டையில் உள்ள நார்களோடு தூசித் துகளும் கலந்திருப்பதால் வாயை வேகமாகத் தேய்க்கும். ஒரு பெரிய பெட்டியைக் கை அகலப் பட்டைகளாக அறுத்துவிட்டு மறுபடி செய்தித்தாளில் சோதியுங்கள். அப்போதும் வழுக்கிக்கொண்டு அறுத்தால் நல்லது. புதுக் கத்தி சீக்கிரம் மழுங்கினால் உடனே திட்ட வேண்டாம். தொழிற்சாலையில் கடைசிக் கூரை வேகமான பட்டையில் வைக்கும்போது, வாயின் மிக மெல்லிய ஓரம் மட்டும் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். அந்த ஓரம் தேய்ந்து உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வர, இரண்டு மூன்று முறை சாணை பிடிக்க வேண்டியிருக்கும். எஃகைப் பற்றிய தீர்ப்பை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

காய்ந்த மென்மரக் குச்சியில் சுருள் சீவுவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. கத்தியைக் குச்சி மேல் தாழ்வாகச் சாய்த்து, மெல்லிய சுருள்களைக் குச்சியிலிருந்து அறுபடாமல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கூர், சாய்வின் கோணம், பிடியின் வசதி, மணிக்கட்டுக்குக் கிடைக்கும் கட்டுப்பாடு எல்லாம் இதில் ஒன்றாக வெளிப்படும். பதினைந்து நிமிடம் விடாமல் சீவுங்கள். தொடங்கும் முன் பிடி முழுக்கப் பென்சிலால் கிறுக்கி வைத்தால், அழுத்தம் அதிகம் விழும் இடங்களில் பென்சில் முதலில் அழிந்திருக்கும். பிடியை மாற்றும்போது இந்தத் தடம்தான் வழிகாட்டும். போட்டோ எடுத்து வையுங்கள்.

அடியும் அழுத்தமும்

பித்தளைக் கம்பி சோதனை கத்தி செய்பவர்களிடம் பழக்கமானது. சுமார் 6 மி.மீ. தடிமன் உள்ள பித்தளைக் கம்பியைப் பலகையில் பொருத்தி, வாயை அதன் மேல் கூர்ச் சாய்வின் கோணத்திலேயே படுக்க வைத்து, மிதமாக அழுத்திக்கொண்டே நீளவாக்கில் இழுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் கம்பியைத் தொடும் இடத்தில் வாய் லேசாக வளைவது தெரியும். எடுத்ததும் நிமிர்ந்துவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. சில்லு பெயர்ந்தால், கடினம் அதிகம் அல்லது வாய் மிக மெல்லியது. தடிமனான வாய் வளையவே வளையாது. அது பதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

விறகைப் பிளப்பதும் வேண்டும்தான், கடைசியாக. கட்டையின் குறுக்களவு அலகின் நீளத்தைவிட 3, 4 செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தட்டுவதற்கு நுனிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கணு இல்லாத, நேரான இழை உள்ள கட்டையாகப் பாருங்கள். மரத்துண்டால் மட்டுமே தட்டுங்கள். சுத்தியல், கல் வேண்டாம். பிடியைக் கீழே அழுத்தாமல் மட்டமாகப் பிடித்திருங்கள். கத்தி உடைவது பெரும்பாலும் நேரான அடியில் அல்ல, பக்கவாட்டில் திருகும்போதுதான். முடிந்ததும் அலகு நேராக இருக்கிறதா, பிடி அசைகிறதா, வாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நுனியை மரத்தில் குத்தி நெம்பிப் பார்க்கும் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேறினால் லாபம் இல்லை, தேறாவிட்டால் கத்தி இல்லை.

முதல் மாற்றம் எப்போதும் வாய்தான்

நோட்டில் எழுதியதைப் படியுங்கள். அதில் உள்ள புகார்களில் பாதி ஒழுங்காகச் சாணை பிடித்தாலே தீர்ந்துவிடும்.

கோணத்துக்குக் கருவி இல்லை என்றால் ஒரு எளிய கணக்கு. அலகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து அந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தால் கோணம் ஏறக்குறைய 20 டிகிரி, நான்கில் ஒரு பங்கு உயரம் என்றால் ஏறக்குறைய 15 டிகிரி. 30 மி.மீ. அகல அலகுக்கு முறையே 10 மி.மீ., 7.5 மி.மீ. மரமும் வெட்டி, காயும் நறுக்கும் கத்திக்குப் பக்கத்துக்கு 18 முதல் 20 டிகிரி நல்லது. 15-க்குப் போனால் நன்றாக அறுக்கும், ஆனால் கணுவில் பட்டால் வாய் மடங்கலாம்.

கூர்ச் சாய்வு முழுவதும் மார்க்கர் பூசுங்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள், மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் படுக்க வைத்துவிட்டீர்கள். முழுதாக அழியும் உயரத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, 400 எண் கல்லில் (எண் குறைந்தால் கல் கரடு) ஒரு பக்கத்தைத் தேயுங்கள். மறுபக்க வாயோரத்தில் விரலை முதுகிலிருந்து வாய் நோக்கி வெளியே வழித்தால், அலகு முழுக்க மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது தட்டுப்படாத வரை அடுத்த பக்கம் திரும்பாதீர்கள். கூர் வராத சாணைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கும். இரு பக்கமும் பிசிறு வந்த பிறகு 1000 எண் கல், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. கடைசியில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்பட்டையில், வாய் பின்னால் வரும்படி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். அதற்கு மேல் கண்ணாடிபோல் மெருகேற்றுவது அழகுக்குத்தான். கயிறு அறுக்க 1000-த்தோடு நிறுத்திய வாய்தான் நன்றாகப் பிடித்து இழுக்கும்.

ஸ்காண்டி கத்தியில் கோணம் தேட வேண்டாம். அகலச் சாய்வு முழுவதையும் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக அமையும். வாய் அடிக்கடி சில்லு பெயர்ந்தால் மட்டும் கடைசியில் கொஞ்சம் தூக்கி, பக்கத்துக்கு நாலைந்து மென்மையான இழுப்பு.

கேரட் சோதனையில் தோற்ற கத்திக்கு வேலை அதிகம். வாய்க்கு மேலே உள்ள இரும்பையே மெலியச் செய்ய வேண்டும். 220 எண் வைரக்கல்லில் 10 முதல் 12 டிகிரியில் படுக்க வைத்து, கூர்ச் சாய்வின் தோள் (மேல் விளிம்பு) கரையும் வரை இரு பக்கமும் மாறி மாறித் தேய்த்து, பிறகு வழக்கமான கோணத்தில் புது வாய் வைக்க வேண்டும். அலகின் பக்கங்களில் கீறல் விழும். அது பிடிக்காதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இயந்திரப் பட்டை வைத்திருப்பவர்கள் கையுறை இல்லாமல் வேலை செய்யுங்கள். விரலுக்குச் சூடு தெரிந்த உடனே தண்ணீரில் முக்குங்கள். 1095 போன்ற எஃகுகளுக்குப் பதம் வைக்கும் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வாயோரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இரும்பு மென்மையாகிவிட்டது. அது முழுதும் தேய்ந்து போகும் வரை கூர் நிற்காது.

முதுகு

தீ மூட்ட உதவும் ஃபெர்ரோ கம்பியில் பொறி பறக்க வைக்க, முதுகின் ஓரம் 90 டிகிரியில் கூர்மையாக இருக்க வேண்டும். பொறி வருவது கம்பியிலிருந்து சுரண்டப்படும் துகளில்தான், அதனால் துருப்பிடிக்காத எஃகும் சரியாகவே வேலை செய்யும். மோராவின் கார்பெர்க் தொழிற்சாலையிலேயே இப்படித் தீட்டிய முதுகோடு வருகிறது. உங்கள் கத்தியின் முதுகு உருண்டையாக இருந்தால், வாயில் தடித்த அட்டையை ஒட்டிவிட்டு, கத்தியை மரப்பற்றில் (வைஸ்) பிடித்து, முதுகின் குறுக்கே தட்டை அரத்தை மட்டமாக ஓட்டுங்கள். நல்ல பதம் உள்ள அலகில் அரம் வழுக்கினால் வைரக்கல்லுக்கு மாறுங்கள். முழு நீளத்துக்கும் செய்யாதீர்கள். நுனிப்பக்கம் 4, 5 செ.மீ. போதும். பிடியை ஒட்டிக் கட்டைவிரல் அழுத்தும் பகுதியை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள்.

பூச்சும் துருவும்

கறுப்புப் பூச்சு உள்ள கத்திகளில், பூச்சு தடிமனாக இருந்தால் வெட்டும்போது இழுக்கும். அது பிரச்சினையாக உங்கள் நோட்டில் வந்திருந்தால் மட்டும் நீக்குங்கள். பெயின்ட் நீக்கும் ஜெல், ரப்பர் கையுறை, காற்றோட்டமான இடம், பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி வைத்துவிடுவது, இவ்வளவுதான் தேவை. ஆனால் பூச்சு போனால் கார்பன் எஃகு அம்மணமாகிவிடும். நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய அலகை வெதுவெதுப்பான வினிகரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சாம்பல் நிறப் படலம் படியும். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசித் துடையுங்கள். இந்தப் படலம் சிவப்புத் துருவைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. வேலை முடிந்ததும் துடைத்துக் காயவைத்து, உணவுக்கு ஏற்ற மினரல் ஆயிலை ஒரு சொட்டு தடவி வைப்பதற்கு மாற்று கிடையாது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

பிடி

பென்சில் அழிந்த போட்டோவை எடுங்கள். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று: ஆள்காட்டி விரல் உட்காரும் முன்வளைவு, உள்ளங்கையில் குத்தும் பின்மூலை, பிடித்தகடும் நடுவே ஓடும் இரும்பும் சேரும் விளிம்பு. வாயில் பட்டையாக டேப் சுற்றிவிட்டு, அந்த இடங்களை மட்டும் 220 எண் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, ஷூ துடைப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். கொஞ்சம் தேய்த்துவிட்டுக் குச்சி சீவிப் பாருங்கள், மறுபடி தேயுங்கள். எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. திருப்தியானதும் 400 எண்ணில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஈரக் கையில் வழுக்கும்.

மைகார்டா, ஜி10 இரண்டும் துணியோ கண்ணாடி இழையோ பிசினில் ஊறிய பொருட்கள். தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டு ஈரமாகவே தேயுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள். மரப்பிடிக்கு டங் ஆயிலோ பாய்ல்டு லின்சீட் ஆயிலோ மெல்லிய அடுக்குகளாகத் தடவலாம். லின்சீட் ஆயில் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து சூடாகித் தானாகவே தீப்பற்றலாம். விரித்துக் காயவைக்க வேண்டும்.

பிடித்தகடு திருகாணியில் நிற்கும் கத்தியாக இருந்தால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கித் துரு தொடங்கியிருக்கலாம். எண்ணெய் தடவி, திருகாணியில் நீல நிறத் த்ரெட்லாக்கர் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டுத் திரும்ப மாட்டுங்கள். பிடி ஒல்லியாக இருக்கிறது என்பதே குறையென்றால் புதுப் பிடி செய்வதற்கு முன் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே கதை முடிந்துவிடும். பிடியைச் சுற்றிப் பாராகார்ட் (மெல்லிய நைலான் கயிறு) கட்டுவது பார்க்க ஜோர். ஆனால் அழுக்கையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும், காய் நறுக்கும் கத்திக்கு ஒத்துவராது.

உறை

கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். மெத்தை மேல், கால் விலக்கி. விழுந்தால் பயன்படாது. இழுக்க இரண்டு கை வேண்டியிருந்தாலும் பயன்படாது. கைடெக்ஸ் உறை என்றால் வாய்ப்பகுதியை ஹீட் கன்னில் மிதமாகச் சூடாக்கி, மென்மையானதும் கத்தியை உள்ளே வைத்துத் தடித்த துணியால் அழுத்திப் பிடித்து ஆறவைத்தால் பிடிமானம் கூடும். அந்தப் பிளாஸ்டிக் வளைவது சுமார் 165 டிகிரியில். ஒரே இடத்தில் காட்டினால் கொப்பளிக்கும். அடியில் தண்ணீர் வடிய துளை இல்லையென்றால் ஒன்று போடுங்கள். தோல் உறை சத்தமில்லாதது, அழகானது, ஆனால் ஈரத்தைச் சேர்த்துவைக்கும். எடுத்துப் போக மட்டும் அதைப் பயன்படுத்தி, வீட்டில் கத்தியை வெளியே வையுங்கள். அலகு நீளம், வெளியில் தெரியும்படி சுமப்பது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும், போகும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது.

எல்லாம் முடிந்ததும் அதே செய்தித்தாள், கேரட், அட்டை, குச்சி வரிசையை இன்னொரு முறை ஓட்டி, பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். முன்னேற்றம் தெரியாத இடத்தில் கோணத்தை மாற்றுவதற்கு முன் பிசிறு முழுதும் போயிற்றா என்று முதலில் பாருங்கள். தோல்பட்டையில் இன்னும் பத்து இழுப்பு போதுமானதாக இருக்கலாம்.